வாசலில் இரண்டு ஜோடி

ஞானப்பிரகாசம் பாளையங்கோட்டையில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில் சுற்றுலா வழிகாட்டித் தொழில் கற்க வந்தார். அவருக்கு வாய்த்த குரு நாகூர்க்காரி பல்கீஸ். வயது முப்பத்தொன்பது. பதினைந்து வருடமாகத் தமிழ்நாட்டுக் கூட்டங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவர். அதிகம் பேசமாட்டார்.

பிராக் நகரப் பயணம் முடியும்போது பல்கீஸ் சரி என்றால் அடுத்த குழு ஞானப்பிரகாசத்துடையது. இல்லையென்றால் ஊருக்குப் போய் டியூஷன் எடுக்க வேண்டியதுதான். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறிய மனிதருக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அவருக்குப் பயமில்லை. பிராக்கின் சரித்திரம் முழுக்க அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

இரண்டாம் நாள் மலைமேல் இருக்கும் பெரிய தேவாலயத்துக்குப் போனார்கள். குழுவில் சாத்தூர் சீனியம்மாள் என்று ஒருவர். சேவுக்கடை வைத்திருப்பவர், அறுபத்திரண்டு வயது. அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், படியில் உட்கார்ந்து காலில் இருந்த பேரனுடைய கேன்வாஸ் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஞானப்பிரகாசம் பதறிவிட்டார்.

“யம்மா, என்ன செய்தீய? இது நம்ம ஊரு கோயில் இல்ல. எல்லாரும் பாக்காங்க. முதல்ல போடுங்க!”

வகுப்பறைக் குரல். குழுவில் இருந்த இருபது பேரும், டிக்கெட் வரிசையில் நின்ற பல்கீஸும் திரும்பிப் பார்த்தார்கள். சீனியம்மாள் அவசரமாக மாட்டிக்கொண்டு எழுந்தார், முடிச்சுக்கூடப் போடவில்லை. உள்ளே போய்க் கதவோரமாகவே நின்றுவிட்டார். ஞானப்பிரகாசம் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பற்றி இருபது நிமிடம் பிரமாதமாகப் பேசினார்.

மறுநாள் காலை ஹோட்டல் சாப்பாட்டுக்கூடத்தில் சீனியம்மாளைக் காணோம். ஞானப்பிரகாசம் மேலே போய் அறைக்கதவைத் தட்டினார். உள்ளே கட்டில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. ஜன்னலில் ஆறும் பாலமும் தெரிந்தன. சீனியம்மாள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

“நான் வரல சார். நீங்க போயிட்டு வாங்க.”

“உடம்புக்கு என்னம்மா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. எங்க எப்பிடி நடந்துக்கணும்னு எனக்குத் தெரியல. என்னால உங்களுக்கு எதுக்குத் தலகுனிவு? ஊருக்குப் போறவரைக்கும் இந்த ரூம்லயே இருந்துக்கிறேன்.”

ஞானப்பிரகாசம் கவலையோடு வெளியே வந்தார், பாதி அந்த அம்மாளுக்காக, பாதி வேலைக்காக. கீழே ஓடினார்.

“மேடம், இன்னைக்குப் பாலம் பாக்கணும், கடிகாரக் கோபுரம் பாக்கணும். அந்தம்மா ரூம விட்டு வரமாட்டேங்காங்க. என்ன சொல்லிக் கூப்பிடுறது?”

பல்கீஸ் டீயைக் குடித்து முடித்தார். எழுந்து மேலே போனார். ஞானப்பிரகாசமும் பின்னாலேயே போனார்.

“சீனியம்மா, நேத்து நான் டிக்கெட் வரிசையிலேயே நின்னுட்டேன். தேவாலயத்துக்குள்ள போகவே இல்ல. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. துணைக்கு வர்றீங்களா?”

துணைக்கு வா என்றால் மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் சீனியம்மாளுக்கு இல்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

மற்றவர்களைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு மூன்று பேரும் மலையேறினார்கள். தேவாலய வாசலில் பல்கீஸ் படியில் உட்கார்ந்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

“நாகூர் தர்காவுக்கு இப்படித்தான் போவோம்,” என்றார் சீனியம்மாளிடம்.

சீனியம்மாள் ஞானப்பிரகாசத்தைப் பார்த்தார். அவர் கோபுரத்தைப் பார்த்தார். சீனியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், காலுறையையும் உருவிப்போட்டார்.

“சார், இதக் கொஞ்சம் பாத்துக்கங்க,” என்றார் பல்கீஸ். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

நவம்பர் குளிர். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவர், இரண்டு ஜோடிக்குக் காவல். போகிற வருகிற சனமெல்லாம் நின்று பார்த்தது. ஒரு தம்பதி, உள்ளே போக ஷூவைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார்கள். “தேவையில்லை,” என்றார், காது சிவக்க. அடுத்து ஒரு பெரியவர் கேட்டார். மூன்றாவதாகக் கேட்ட பெண்ணிடம், “தேவையில்லை, இது எங்கள் வழக்கம்,” என்றார். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். தூறல் விழுந்தபோது வாயிற்காவலர் நேராக அவரை நோக்கி வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தார் ஞானப்பிரகாசம். காவலர் குனிந்து, ஷூக்கள் நனையாமல் இருக்க அவற்றைத் தன் நாற்காலிக்கு அடியில் எடுத்து வைத்துவிட்டுப் போனார். நேற்றிலிருந்து ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தூறல் விட்டு வெயில் வந்தது. நாற்பது நிமிடம் கழித்துச் சீனியம்மாள் வந்தார். கண்ணெல்லாம் ஈரம்.

“சார், அந்தக் கண்ணாடி வழியா வெளிச்சம் விழுந்து தரையெல்லாம் செவப்பும் நீலமுமா கெடக்கு. எங்காலு மேலயே விழுந்துச்சு. நேத்தும் அது இருந்துச்சா சார்?”

ஞானப்பிரகாசம் வாயைத் திறந்தார். எந்த ஜன்னல், எந்த வருடம், யார் வரைந்தது, எல்லாம் தெரியும். தரையைப் பார்த்த ஞாபகம் இல்லை.

“தெரியலம்மா,” என்றார். பிறகு, “நேத்து நான் அப்படிக் கத்தியிருக்கப்பிடாது. மனசுல வச்சுக்காதிய,” என்றார்.

“விடுங்க சார். வாத்தியாரு சத்தம் போடத்தான் செய்வாங்க.”

பல்கீஸ் வெளியே வந்தார். கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டுவிடுவது என்று ஞானப்பிரகாசம் முடிவு செய்தார்.

“மேடம், அடுத்த குழுவ எங்கிட்ட விடுவீங்களா?”

“உள்ள பாத்துட்டு வாங்க சார், சொல்றேன்.”

“நாந்தான் நேத்தே...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

பல்கீஸ் சீனியம்மாள் பக்கம் திரும்பினார்.

“அம்மா, சாரை ஒரு தடவ உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. உங்க ரெண்டு பேரு ஷூவையும் நான் பாத்துக்கறேன்.”