பனி போன பிறகு

பொற்கொடியின் இடுக்கியில் உளுந்தளவு எஃகு வளையம் ஒன்று இருந்தது. மறுகையில் கரியமில வாயுப் பனியைப் பீய்ச்சும் குழாய்.

நுண்ணிய இயந்திரப் பாகங்களைச் சுத்தம் செய்யும் அந்த அறையில் தண்ணீர் கிடையாது, துணி கிடையாது. பனி பட்டால் தூசியும் எண்ணெய்ப் பசையும் பெயர்ந்துவிடும். பனியும் அங்கேயே காற்றோடு காற்றாகிவிடும்.

"ரெஜினா, சொன்ன சொல்லை எதைப் போட்டுங்க கழுவறது?"

ரெஜினா வயதில் இளையவள். ஆனாலும் அந்த அறைக்கு வேலை சொல்லிக் கொடுப்பவள் அவள்தான்.

"யாரைச் சொன்னீங்க, அக்கா?"

"என் நாத்தனா சாந்தாமணியை. புருசன் போனப்புறம் எங்களோடதான் இருந்தா. என் பாப்பாவைத் தூக்கி வளர்த்ததே அவதான். ஒருநாள் பாப்பா அவளை அம்மான்னு கூப்பிட்டுருச்சு. 'ஆசையா இருந்தா நீயே ஒண்ணு பெத்திருக்க வேண்டியதுதானே'ன்னு கேட்டுட்டேன்."

குழாய் 'புஸ்'ஸென்றது.

"விடியறதுக்குள்ள பையை எடுத்துட்டுப் போயிட்டா."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"தினமும் போன் போடறேன். எனக்கிருந்த அசதி, பிள்ளை எங்கிட்ட ஒட்டலையேங்கற ஆத்தாமை, எல்லாம் விளக்கிச் சொல்றேன். முதல்ல அழுதா. இப்ப 'உம்'கறதோட சரி."

ரெஜினா பூதக்கண்ணாடியை வளையத்தின் மேல் இழுத்துவிட்டாள்.

"அழுக்கு இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குப் பீய்ச்சறீங்க?"

"மிச்சம் மீதி இருந்துட்டா?"

"சரி, பீய்ச்சுங்க."

பொற்கொடி விடாமல் பீய்ச்சினாள். வளையம் வெள்ளையாய்ப் பூத்தது. கையை எடுத்ததும் பூத்தது உருகி, பொட்டுப் பொட்டாய் நீர் நின்றது.

பதறிப்போய் வாயைக் குவித்து ஊதினாள்.

"ஐயோ, ஊதாதீங்க! பாப்பா கண்ணுல விழுந்த தூசியா இது?"

ஈரம் காய்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கறை.

"சுத்தமாத்தானே இருந்துது! சொட்டுத் தண்ணி இல்லாத இடத்துல இது எங்கிருந்து வந்துது?"

"ரொம்பக் குளுந்து போச்சுக்கா. சுத்தியிருக்கற காத்தோட ஈரமெல்லாம் அழுக்கோட வந்து ஒட்டிக்கிச்சு."

ரெஜினா வளையத்தை வாங்கி வெதுவெதுப்பான தட்டில் வைத்தாள். சூடேறியதும் ஒரே ஒரு 'புஸ்'. கையை எடுத்துவிட்டாள். கறை போயிருந்தது.

"அவ்வளவுதானா?"

"பனியே போயிருச்சு. நீங்க இன்னும் நிக்கறீங்க. சாப்பிடப் போங்க."

பொற்கொடி வெளியே வந்து, கண்ணாடிச் சுவரோரம் நின்று போன் போட்டாள்.

"உம்," என்றாள் சாந்தாமணி.

"சாந்தா, நான் சொன்னது தப்பு. எம்மேலதான் தப்பு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பொற்கொடிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்னா, அன்னைக்கு எனக்கு வந்த—"

கண்ணாடி தட்டும் சத்தம் கேட்டது.

திரும்பினாள். கண்ணாடிக்கு உள்ளே ரெஜினா, குழாயைப் பிடித்திருந்த கையை வளையத்தைவிட்டு மெல்ல விலக்கிக் காட்டினாள்.

பொற்கொடி வாயை மூடிக்கொண்டாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக்கூட இல்லை.

"அண்ணி," என்றது போன். "பாப்பா என்னைத் தேடுதுங்களான்னு கேக்கலாம்னு தினமும் நினைக்கறேன், நீங்கதான் பேச்சை நிறுத்தறதே இல்லீங்களே."