கீரிக்குக் கட்டிய காற்றுக் கூண்டு

மலையடிக் காட்டில் தீப்பிடித்தது. மழை பெய்து தீ அணைந்தாலும், புகையில் சிக்கிய ஒரு பெண் கீரிக்கு மூச்சுத் திணறல் நிற்கவில்லை. இரை தொடாமல், வாயைப் பிளந்தபடி கிடந்தது. அதன் துணையான ஆண் கீரி பக்கத்தைவிட்டு நகரவில்லை.

இதைக் கேள்விப்பட்டு ஒரு குரங்கு வந்தது. அது முன்பு கால் ஒடிந்து கால்நடை மருத்துவமனையில் இருந்த குரங்கு. அங்கே மூச்சுத் திணறிய ஒரு நாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, குழாய் வழியாக ஆக்ஸிஜன் விட்டுப் பிழைக்க வைத்தார்கள் என்றது. அப்படி ஒரு பெட்டியைத் தானே செய்து தருவதாகவும் சொன்னது.

தீயணைக்க வந்தவர்கள் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டரையும் ரப்பர் குழாயையும் விட்டுப் போயிருந்தார்கள். குரங்கு அவற்றைக் கொண்டுவந்தது. சுற்றுலாக்காரர்கள் எறிந்த பெரிய கூடைக்குள் பெண் கீரியைப் படுக்க வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியது. குழாயை உள்ளே செருகி, சிலிண்டரை மெல்லத் திறந்தது.

முதலில் பெண் கீரிக்குச் சற்று இதமாக இருந்தது. குரங்குக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல காற்று துளியும் வெளியே போகக் கூடாது என்று இடுக்கெல்லாம் களிமண்ணை அப்பியது. பிறகு மற்ற விலங்குகளை அழைத்துவந்து தன் வேலையை விளக்கத் தொடங்கியது.

வெயில் ஏறியது. தாளின் உட்புறம் வியர்த்தது. பெண் கீரி நகத்தால் அதைச் சுரண்டியது.

"உள்ளே புழுங்குகிறது. மூச்சு விட முடியவில்லை," என்றது.

குணமாகும்போது அப்படித்தான் இருக்கும் என்று குரங்கு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. கூடைப் பக்கம் திரும்பவில்லை. ஆண் கீரி பார்த்தது. துணையின் நாக்கு நீலம் பாரித்திருந்தது. அது பாய்ந்து தாளைக் கடித்துக் கிழித்தது.

"என்ன காரியம் செய்தாய்? காற்றெல்லாம் வீணாகிறதே!" என்றது குரங்கு.

"விட்ட மூச்சு வெளியே போக வழி வேண்டாமா? அதையேதான் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்," என்றது ஆண் கீரி.

குரங்கு அப்போதுதான் குனிந்து பார்த்தது. கூடையை நிழலுக்கு இழுத்தது. எதிர்ப் பக்கத்திலும் ஓர் ஓட்டை போட்டது. சிலிண்டரை இன்னும் கொஞ்சம் திறந்தது. பொழுது சாய்வதற்குள் பெண் கீரியின் நாக்கில் சிவப்பு திரும்பியது. சில நாளில் எழுந்து இரை தேடப் போனது.

அடுத்து ஒரு முயல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. இந்த முறை குரங்கு யாரையும் வேடிக்கை பார்க்க அழைக்கவில்லை. கூடையோரம் உட்கார்ந்து, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று முயலிடமே கேட்டுக்கொண்டிருந்தது.

உதவி செய்கிறவர் தன் கைவேலையை ரசிப்பதற்கு முன், உதவி பெறுகிறவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும்.