குளம் வெட்டியவர் யார்

வடகரை மடத்தின் தலைவி உமையாள் அம்மைக்கு நாற்பது வயது நிரம்பியிருக்கவில்லை. அவருடைய சீடர் ஆலாலசுந்தரம் ஐம்பதைக் கடந்தவர். பதிகங்களைப் பண் பிசகாமல் ஓதுவதில் அந்த ஆற்றங்கரையில் அவருக்கு நிகரில்லை. அம்மை அவரை மடத்துப் பள்ளியின் முதல் வகுப்புக்கு ஆசிரியராக வைத்திருந்தார்.

முதலாண்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவார்கள். ஆண்டு நிறைவில், தேறியவர்களுக்குச் சந்நிதி முன் ஓலையும் எழுத்தாணியும் தரப்படும். அதுவரை பெரும்பாலும் வாய்ப்பாடம். வகுப்பின் முன்னே ஒரு பலகை கிடக்கும். அதில் ஏறி நிற்பவர் ஒன்றைச் சொல்வார். பிள்ளைகள் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்வார்கள். முறை சொல்லுதல் என்று அதற்குப் பெயர். ஆலாலசுந்தரத்தின் பிள்ளைகள் முறை சொல்லத் தொடங்கினால் அக்கரையில் துணி வெளுப்பவர்கள் கை ஓய்ந்து கேட்பார்கள்.

சில நாட்களில் அது அளவு மீறிப் போவதும் உண்டு.

"அங்கே யாரடா பேசுவது?" என்பார் அவர்.

"அங்கே யாரடா பேசுவது?" என்று வகுப்பே முழங்கும்.

"சும்மா இருங்கள்!"

"சும்மா இருங்கள்!"

அவர் பலகையை விட்டு இறங்கினால்தான் அடங்கும். அதையும் அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

ஆண்டு நிறைவு நெருங்கிய ஒரு பிற்பகலில் அவர் அம்மையிடம் வந்தார்.

"தாயே, கீழத்தெருக் காத்தாயிக்கு இவ்வாண்டு ஓலை தர இயலாது."

"எழுத்து வரவில்லையா?"

"எழுத்தெல்லாம் வருகிறது. அதுதான் என் வேதனை. முறை சொல்ல மாட்டேன் என்கிறாள். எல்லாரும் சொல்லும்போது வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள். சொல்லி முடித்ததும் கேள்வி கேட்கிறாள்."

"என்ன கேள்வி?"

"முதல் எழுத்துக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்றாள்."

"நீர் என்ன சொன்னீர்?"

"உட்கார் என்றேன்."

அம்மை சிரித்தார். பிறகு கேட்டார்: "நேற்று முதல் வகுப்பிலிருந்து புதிய பாட்டு ஒன்று கேட்கிறதே. அது என்ன?"

ஆலாலசுந்தரம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"மிராசுதார் பஞ்சநதம் கொடுத்தனுப்பியது, தாயே. ஊர் நடுவில் இருக்கும் குளத்தை அவருடைய பாட்டனார் வெட்டினார் என்று வருகிறது. ஓலை வழங்கும் நாளில், ஊர் கூடியிருக்கும்போது, பிள்ளைகள் அதை முறை சொல்ல வேண்டுமாம்."

"வெட்டியது அவர் பாட்டனார்தானா?"

"யாருக்குத் தெரியும்? கீழத்தெருவார் தங்கள் முன்னோர் வெட்டியது என்கிறார்கள். கண்டவர் எவரும் இன்று இல்லை."

"அவருக்கு இப்போது எதற்குப் பாட்டு?"

"குளத்தைச் சுற்றி வேலி அடைக்க எண்ணம். இன்று அடைத்தால் கீழத்தெரு முழுவதும் குடத்தோடு வந்து நிற்கும். அவர்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. அதனால் பொறுத்திருக்கிறார். ஐந்து வயதில் வாயில் ஏறியது கட்டை வேகும்வரை இறங்காது என்று அவருடைய காரியஸ்தரே என்னிடம் சொன்னார். இந்தப் பிள்ளைகள் தலையெடுக்கும்போது, வேலியை எதிர்த்துப் பேச ஒரு வாய் இருக்காது."

"தெரிந்தும் கற்பித்தீர்."

"பிள்ளைகளின் மதியச் சோறு அவர் களத்து நெல், தாயே. பாதிப் பிள்ளைகள் அந்தச் சோற்றுக்காகவே வருகிறார்கள். சோறு நின்றால் பள்ளி நிற்கும். ஈரடிப் பாட்டுத்தானே, அதனால் என்ன கெட்டுவிடும்?"

"வாரும்" என்று அம்மை எழுந்தார்.

முதல் வகுப்பில் பிள்ளைகள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அம்மை பலகையில் ஏறி நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நெருப்பு குளிரும்" என்றார் அம்மை.

"நெருப்பு குளிரும்!"

"ஆறு மேட்டில் ஏறும்."

"ஆறு மேட்டில் ஏறும்!"

"ஆலாலசுந்தரம் ஓர் ஆந்தை."

இதுவரை இல்லாத உற்சாகம் வந்துவிட்டது. "ஆலாலசுந்தரம் ஓர் ஆந்தை!" என்று கூரை அதிரச் சொன்னார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன், போதாது என்று நினைத்தானோ என்னவோ, இன்னொரு முறையும் சொன்னான். ஆசிரியரின் காது மடல்கள் சிவந்தன.

தூணோரம் உட்கார்ந்திருந்த காத்தாயி வாய் திறக்கவில்லை.

"நீ ஏன் அம்மா சொல்லவில்லை?"

"நெருப்பு சுடும்" என்றாள் அவள்.

"இரண்டாவது?"

"ஆறு மேட்டுல ஏறாது."

"மூன்றாவது?"

காத்தாயி தன் ஆசிரியரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"கண்ணு மட்டும் அப்படித்தான் இருக்கு. ஆனா ஆந்தை இல்ல."

அம்மை பலகையை விட்டு இறங்கி வெளியே நடந்தார். ஆலாலசுந்தரம் பின்னாலேயே ஓடினார்.

"நான் என்ன செய்ய வேண்டும், தாயே? கட்டளையிடுங்கள்."

"பலகையில் நிற்கப் போவது நீர். நான் எதற்குக் கட்டளையிட வேண்டும்?"

"பிள்ளைகளின் சோறு?"

"அதையும் சேர்த்தே எண்ணிப் பாரும்."

ஓலை வழங்கும் நாள் வந்தது. சந்நிதிக்கு முன்னிருந்த மண்டபத்தில் ஊர் கூடியது. நெற்றி நிறைய நீறு பூசிய பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மிராசுதார் பஞ்சநதம் பட்டு வேட்டி கட்டி முன்னால் அமர்ந்திருந்தார். குளத்துக்குப் போய்த் திரும்பிய கீழத்தெருப் பெண்கள் இடுப்புக் குடத்தை இறக்காமலே மதில் வாசலில் நின்று தங்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஆரம்பிக்கலாமே ஓய்" என்றார் பஞ்சநதம்.

வகுப்பிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பலகையில் ஆலாலசுந்தரம் ஏறினார். பலகையில் நிற்பவர் சொல்லாமல் பிள்ளைகள் அடுத்த அடிக்குப் போக மாட்டார்கள். அப்படித்தான் அவர் பழக்கியிருந்தார்.

"ஊர் நடுவே நீர் நிறைந்த இந்தக் குளத்தை" என்று எடுத்தார். குரல் பண்ணோடு எழுந்தது.

"ஊர் நடுவே நீர் நிறைந்த இந்தக் குளத்தை!"

அடுத்த அடியை எடுக்கவேண்டிய இடத்தில் அவர் நின்றார். மதில் வாசலில் ஒரு குடம் தளும்பிப் படியெல்லாம் ஈரமானது. பஞ்சநதம் தொடையில் தாளம் போட்டபடி காத்திருந்தார்.

"வெட்டியவர் யாரென்று" என்றார் ஆலாலசுந்தரம்.

"வெட்டியவர் யாரென்று!"

"எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது!"

தாளம் நின்றது.  பஞ்சநதம் எழுந்து விறுவிறுவென்று வந்தார். ஆசிரியரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத் தாமே பலகையில் ஏறினார்.

"பிள்ளைகளா!"

"பிள்ளைகளா!"

"யார் உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"யார் உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"வாயை மூடுங்கள்!"

"வாயை மூடுங்கள்!" என்று பிள்ளைகள் அவர் முகத்துக்கு நேராக முழங்கினார்கள். விழாவுக்கு வாசிக்க வந்திருந்த தவில்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் நின்ற பெண்கள் பொத்திக்கொள்ளவில்லை.

பஞ்சநதம் வரிசையைச் சுற்றிலும் பார்த்தார். வாய் திறக்காத ஒரு பிள்ளை அவர் கண்ணில் பட்டது.

"இதோ, ஒழுங்காக வளர்ந்த பிள்ளை இது ஒன்றுதான். எழுந்திரு அம்மா. ஊர் கேட்கச் சொல். குளத்தை வெட்டினது யாரு?"

காத்தாயி எழுந்தாள்.

"எங்க தெருவுல எங்க ஆளுங்க வெட்டுனதுன்னு சொல்றாங்க. உங்க வீட்டுல உங்க தாத்தான்னு சொல்றீங்க." பிறகு கேட்டாள்: "நீங்க பாத்தீங்களா?"

"என்ன?"

"குளம் வெட்டுறப்ப நீங்க பொறந்திருந்தீங்களா?"

இப்போது தவில்காரரின் துண்டும் நழுவிவிட்டது.

பஞ்சநதம் பலகையை விட்டு இறங்கினார். நேரே அம்மையின் முன் வந்து நின்றார்.

"நாளையிலிருந்து என் களத்து நெல் ஒரு மணி இந்த மடத்துக்கு வராது."

"பிள்ளைகள் வருவார்கள்" என்றார் அம்மை.

"எதைத் தின்பார்கள்?"

"அது எங்கள் பாடு. நீர் குளத்துக்கு வேலி போடுவதானால் பட்டப்பகலில் போடும். இங்கே கூடியிருக்கும் எல்லாரும் வந்து பார்ப்போம்."

அவர் போனபின் அம்மை சந்நிதித் தட்டிலிருந்த ஓலைகளில் ஒன்றை மட்டும் எடுத்தார். காத்தாயியை அழைத்துக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளை மணலுக்கே திரும்பச் சொன்னார்.

மறுநாள் காலை அம்மை திருவோட்டை ஏந்தித் தெருவில் இறங்கினார். ஆலாலசுந்தரம் பெரிய கூடையோடு கூடவே நடந்தார். மடத்துத் தலைவி வீடு வீடாக நிற்பதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. மேலத்தெருவில் சில கதவுகள் சாத்தியே இருந்தன. கீழத்தெருவில் கைப்பிடி அரிசியோ கேழ்வரகோ இல்லாமல் எவரும் வெளியே வரவில்லை. ஒருத்தி அரிசியைக் கொட்டிவிட்டு, "எம்மவ ரொம்பப் பேசிப்புட்டாளா, தாயி?" என்று கேட்டாள். "இன்னும் பேசட்டும்" என்றார் அம்மை.

அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது ஆலாலசுந்தரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"தாயே, மற்றப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்? ஊரே கேட்கும்படி மிராசுதாரின் முகத்துக்கு நேரே முழங்கினார்களே. அவர்களுக்கு ஏன் ஓலை இல்லை?"

"அவர்கள் என்ன சொன்னார்கள்?"

"எனக்குத் தெரியாது என்றார்கள்."

"நீர் சொன்னதைச் சொன்னார்கள். அன்று நெருப்பு குளிரும் என்றதும் இதே குரலில்தான்."

ஆலாலசுந்தரம் எட்டி நடந்து அம்மையின் பக்கத்தில் வந்தார்.

"அப்படியானால் நேற்று நான் செய்தது வீணா?"

"வீணாகுமா? நேற்று இரண்டு பேர் தேறினீர்கள்."

 கூடையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"இனி முதல் வகுப்பில் நான் என்ன கற்பிக்க வேண்டும்?"

"எழுத்தைக் கற்பியும். எண்ணைக் கற்பியும். நாள்தோறும் ஒரு தரம் பலகையில் ஏறி ஒரு பொய் சொல்லும். எந்தப் பிள்ளை எழுந்து நின்று மறுக்கிறதோ, அதற்கு அன்றே ஓலை கொடும்."

ஆலாலசுந்தரம் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"பொய்யா? நீறு பூசிய நெற்றியோடு, பதிகம் ஓதும் வாயால், பால் மணம் மாறாத பிள்ளைகளிடமா?"

"ஆம்."

"தாயே, என்னால் ஆகாது. நான் அவர்களுக்கு உண்மையை மட்டுமே சொல்லித் தருகிறேன். எந்த மிராசுதார் வந்தாலும் இனி அஞ்ச மாட்டேன். சாகும்வரை உண்மையைத் தவிர ஒரு சொல் அந்தப் பலகையிலிருந்து வராது. அது போதாதா?"

அம்மை அடுத்த வீட்டின் வாசலில் திருவோட்டை நீட்டினார்.

"நீர் சாகும்வரை போதும்."