எங்கே இருந்து பார்த்தீர்கள்?

“உண்மையைச் சொன்னது தப்பா மேடம்?”

எபனேசர் உட்காரவில்லை. பேராசிரியர் வகிதாவின் அறை வாசலில் நின்றபடியே கேட்டார்.

வகிதா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“என் தங்கச்சிகிட்ட.”

“உக்காருங்க சார்.”

மாணவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆசிரியைக்கு அவரைவிட ஏழு வயது குறைவு. எபனேசர் ஒரு கல்லூரியில் வெகுகாலம் உளவியல் நடத்தியவர். தலை நரைத்த பிறகு முனைவர் பட்டம் வாங்கும் ஆசை வந்து, விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

எபனேசரின் ஆராய்ச்சி, உடன்பிறந்தவர்களின் நினைவுகளைப் பற்றியது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே சம்பவத்தை எப்படியெல்லாம் நினைவு வைத்திருக்கிறார்கள்?

ஊர் ஊராகப் போவார். அண்ணனைத் தனியாகக் கேட்பார். தம்பியைத் தனியாகக் கேட்பார். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று சகோதரர்கள். கடைசித் தங்கை பிறந்த அன்று சைக்கிளில் போய் மருத்துவச்சியைக் கூட்டி வந்தது தான்தான் என்று மூன்று பேருமே சொன்னார்கள். மருத்துவச்சி பின்னால் உட்கார்ந்து முறுக்குத் தின்றதுகூட மூன்று பேருக்கும் நினைவிருந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை.

ஒன்றை நினைக்கும்போதெல்லாம் மனசு அதைக் கொஞ்சம் மாற்றித்தான் திரும்ப எடுத்து வைக்கிறது. ஆராய்ச்சி சொல்வது அது. எபனேசர் அதைப் படித்தார், சோதித்தார், நம்பினார்.

பிறகு அது அவரோடு வீட்டுக்கும் வந்தது.

“நம்ம கல்யாணத்தன்னிக்கு பந்தல்ல மயில் வந்து உக்காந்துச்சே” என்று மனைவி ரோஸ்லின் ஒருநாள் சொன்னாள்.

“நீ பாத்தியா? இல்ல, யாரும் சொல்லிக் கேட்டியா?”

ரோஸ்லின் அவரைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் மயிலைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் யாராவது எழுந்து, கடவுள் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னால், எபனேசருக்குக் காது மட்டும் வேலை செய்யும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஜெபித்ததாகச் சொல்கிறாள், போன வருஷம் அன்று காலையில் என்றாளே. எல்லோரும் எழுந்து நின்று, தாங்கள் நம்புவதை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அவர் உதடு ஒரு வார்த்தை பிந்தியே அசைந்தது.

அந்த ஆலயத்தில்தான் அவருடைய அப்பா முப்பது வருஷம் பாடகர் குழுவில் நின்று பாடினார். மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலக்கும்போதும் பாடுவார். சிவப்பு மிக்ஸ்சர் பாட்டிலில் வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டும்போதும் பாடுவார். அவர் குரலை வைத்தே ஆஸ்பத்திரியில் எந்த அறையில் இருக்கிறார் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்பா இறந்து ஒரு வருஷம் நிறைந்த நாளில் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அங்கேதான் அது நடந்தது.

“என்ன நடந்துச்சு?” என்றார் வகிதா.

“என் தங்கச்சி லீதியாள் சாட்சி சொல்ல எந்திரிச்சா மேடம். எங்க வீட்டுல எல்லாரும் சொல்ற கதைதான். நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப கோயில்ல எல்லாருக்கும் சோறு போடுற அசனப் பண்டிகைக்குப் போய்ட்டுத் திரும்புறோம். நல்ல மழை. தரைப்பாலத்து மேல தண்ணி போகுது. அப்பா பிள்ளையத் தோள்மேல வச்சுக்கிட்டு, கீர்த்தனை பாடிக்கிட்டே தண்ணிக்குள்ள இறங்கி நடந்தாரு.”

“எந்தப் பிள்ளைய?”

“என்னைத்தான் மேடம். அவ, தன்னைன்னு சொன்னா.”

“நீங்க?”

“அவ சொல்லிக்கிட்டு இருக்கும்போதே சொல்லிட்டேன். உனக்கு அப்ப நாலு வயசு. அந்த வயசுல நடந்தது இவ்வளவு தெளிவா மனசுல தங்காது. நாங்க சொல்லிச் சொல்லி உனக்கு அப்படித் தோணுது. தோள்ல இருந்தது நான்.”

“எல்லாருக்கும் முன்னால?”

“போதகர் இருந்தாரு. சொந்தக்காரங்க இருந்தாங்க.”

“லீதியாள் என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. உக்காந்துட்டா. சாப்பிடாமப் போயிட்டா. போன் பண்ணினா எடுக்கறதில்ல. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவ வீட்டுலேருந்து அச்சு முறுக்கு வரும். இந்த வருஷம் வரல.”

வகிதா எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே வேப்பமரத்தடியில் மாணவர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“மேடம் வீட்டுல எப்படி?” என்று எபனேசர் கேட்டார். “வாப்பாவைப் பத்திப் பேசறப்ப?”

“நாங்க நாலு பேரு. நாலு விதமாச் சொல்லுவோம்.”

“திருத்த மாட்டீங்களா? நீங்க இந்தத் துறையில இருக்கறவங்க.”

“ஆரம்பத்துல ஒருதடவை திருத்தினேன்.”

“அப்புறம்?”

“எங்க அக்கா ரெண்டு பெருநாளைக்கு வாப்பாவைப் பத்திப் பேசவே இல்ல. வீட்டுல வாப்பா இல்லாத மாதிரியே இருந்துச்சு.”

எபனேசர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப உண்மைன்னு ஒண்ணு வேண்டாமா மேடம்? இதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். எங்க அப்பா கதையிலேயே இவ்வளவு குழப்பம்னா, நான் ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நின்னு சொல்றதெல்லாம் என்ன? யாரோ பாத்தாங்க, யாரோ சொன்னாங்க, யாரோ எழுதினாங்க. இப்பல்லாம் என்னால முழங்கால் போட்டு ஜெபிக்க முடியல.”

 வகிதா மேஜை இழுப்பறையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“நீங்க சொல்லுங்க சார். அந்த மழை நாளை.”

“இப்பவா?”

“இப்பத்தான். உங்க ஆராய்ச்சிக்கு வர்றவங்க சொல்ற மாதிரி.”

எபனேசர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ பேரை அப்படி உட்கார வைத்தவர், அன்றுதான் சொல்பவரின் நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

“மழை. பொழுது சாயப்போவுது. தண்ணி செம்மண் நிறத்துல போகுது. சத்தம் ரொம்ப. அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டியிருக்காரு. மூக்கு நுனியில தண்ணி சொட்டுது. மீசையெல்லாம் நனைஞ்சு வாய்மேல விழுந்து கெடக்கு. பாடறப்ப மழைத் தண்ணி வாய்க்குள்ள போகுது. துப்பிட்டுச் சிரிக்காரு. மறுபடி பாடுறாரு. அந்த மாதிரி அவரு சிரிச்சு நான் பொறவு பாத்ததே இல்ல.”

அவர் குரல் இறங்கியது. சற்று நேரம் அந்த மழையிலேயே இருந்தார்.

 வகிதா கேட்டார்.

“எங்கே இருந்து பார்த்தீங்க?”

எபனேசர் கண்ணைத் திறந்தார்.

அது அவர் தானே எழுதிய கேள்வி. ஒவ்வொருவர் கதை சொல்லி முடித்ததும் அவர் கேட்பது. யாரிடமும் அதைக் கேட்காமல் விட்டதில்லை.

“தோள்மேல…” என்று ஆரம்பித்தார்.



தன் கை தானாக எழுந்து, தனக்குக் கீழே இல்லாத ஒரு தலையைத் தடவுவதுபோல நின்றதைப் பார்த்தார். அங்கிருந்து குனிந்து பார்த்தால் என்ன தெரியும்? முடி தெரியும். காது தெரியும். மூக்கு நுனி தெரியாது. சிரிப்பு தெரியாது.

“சில பேருக்கு அப்படி ஆகறது உண்டு மேடம்” என்றார் மெதுவாக. “தான் உள்ள இருந்த காட்சியையே வெளியே நின்னு பாத்த மாதிரி நினைவு வச்சிருப்பாங்க. நானே அதைப் பத்தி எழுதியிருக்கேன்.”

“உண்டு.”

“அதனால இது ஒண்ணையும் நிரூபிக்காது.”

“நிரூபிக்காது.”

வகிதா ரெக்கார்டரை அணைத்தார். அதை எடுத்து எபனேசரின் கையில் கொடுக்கவில்லை. இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

“லீதியாளை நீங்க இன்னும் கேக்கல, சார்” என்றார்.

அவ்வளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை எபனேசர், லீதியாள் இருக்கும் மெஞ்ஞானபுரத்துக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனைகளும். சின்ன வயதில் இதே பாதையில் வரும்போது, அடுத்த வளைவில் என்ன வரும் என்று லீதியாளும் அவரும் பந்தயம் கட்டுவார்கள். அப்பா இருவரையுமே ஜெயிக்க விடுவார்.

லீதியாள் பள்ளி விடுதியில் வார்டன். விடுமுறை நாள். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தாள்.

“வாங்க” என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவரை வாங்க என்றதில்லை. ‘வாண்ணே’ என்பாள். அவர் நின்ற இடத்திலேயே சற்று நின்றார்.

“ரோஸ்லின் மதினி வரலியா?”

“நான் மட்டுந்தான்.”

“உக்காருங்க. காப்பி போடுதேன்.”

“வேண்டாம். பொறவு குடிக்கேன். நீ இரு.”

அவள் உட்கார்ந்தாள். சுளகைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நீ சொல்லி முடிக்கல” என்றார் எபனேசர்.

“எதை?”

“அந்தத் தரைப்பாலத்தை.”

“அதான் நீங்க சொல்லிட்டியள. எனக்கு நாலு வயசு. ஒண்ணும் தெரியாது.”

“நான் கேக்காம சொல்லிட்டேன். இப்பக் கேக்க வந்திருக்கேன். எங்கே இருந்து பாத்தே?”

லீதியாள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று தேடினாள். அவர் கையில் பேனா இல்லை. ரெக்கார்டர் இல்லை. ஐம்பத்து மூன்று வயது மனிதர் முற்றத்து மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மேல இருந்துதான்” என்றாள். “அப்பா முடிய ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். தேங்கா எண்ணெய் வாசம். மழையில வழுக்கிட்டே இருந்துச்சு. அவரு பாடறப்ப என் தொடையெல்லாம் அதிர்ந்துச்சு. அது மட்டும் எனக்கு இப்பவும் தெரியும். பாட்டுச் சத்தம் காதுல கேக்கல, தண்ணி இரைச்சல். உடம்புலதான் கேட்டுச்சு.”

 இப்படி ஒரு விவரத்தை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்று எபனேசருக்குள் இருந்த ஆராய்ச்சியாளன் சொன்னான். பிறகு அவன் ஒதுங்கிக்கொண்டான்.

“முகம்?” என்று கேட்டார்.

“அப்பா முகமா? அது எப்படித் தெரியும்? நான் மேலல்லா இருந்தேன்.”

“எனக்குத் தெரியும்.”

அவள் நிமிர்ந்தாள்.

அவர் சொன்னார். மூக்கு நுனியில் சொட்டிய தண்ணீரை. வாய்மேல் விழுந்த மீசையை. மழைத் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்த சிரிப்பை.

சுளகு அவள் மடியில் சாய்ந்து உளுந்து கொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

“சிரிச்சாரா?”

“சிரிச்சாரு.”

“எனக்கு இது தெரியாதே. இவ்வளவு நாளும் அவரு பயந்துட்டே போனாருன்னுல்லா நினைச்சேன். பயத்துல பாடுதாருன்னு.” சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “இன்னொரு தடவை சொல்லு.”

அவர் இன்னொரு தடவை சொன்னார். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. 

“அப்ப நான் எங்க இருந்தேன் லீதியா?”

“உனக்குத் தெரியாதா?”

“தோள்லன்னு நினைச்சிருந்தேன்.”

“முன்னால போன. உனக்கு அன்னிக்குக் காய்ச்சல். அப்பா ரெண்டு பேரையும் தூக்குதேன்னாரு. அம்மா உன்னைக் குடுக்க மாட்டேன்னுட்டா. முந்தானையால உன்னத் தன்னோட சேத்துக் கட்டிட்டு, முதல்ல அவதான் தண்ணியில இறங்கினா. நீ அவ தோள்மேல தாடைய வச்சுப் பின்னாடி பாத்து அழுதுட்டே வந்த. எனக்கு மேல இருந்து பாத்தா உன் முகந்தான் தெரிஞ்சுது.”

“அப்பா?”

“உன்னப் பாத்துத்தான் பாடிட்டு வந்தாரு.”

எபனேசர் கண்ணை மூடினார். மழை வந்தது. செம்மண் தண்ணீர் வந்தது. அப்பாவின் முகம் வந்தது. அம்மாவைத் தேடினார். அந்த வெள்ளம் முழுவதும் தேடினார். ஆறு வயதுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, தண்ணீரின் ஆழம் தெரியாமல் முதலில் இறங்கிய அந்தப் பெண் அதில் எங்குமே இல்லை.

“அம்மா வரமாட்டேங்கா” என்றார். “எவ்வளவு நினைச்சாலும் அம்மா முகம் மட்டும் தெரியல.”

லீதியாள் கீழே சிந்திய உளுந்தைக் கையால் கூட்டி அள்ளினாள்.

“எப்படித் தெரியும்ணே? உன்னைத் தூக்கிட்டு வந்தவல்லா அவ.”