முதலாளி அனுப்பிய செய்தி

"எங்க ஆளுங்க ஏமாறாம இருக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க மேடம்," என்றார் நஞ்சப்பன்.

பிலோமினா நிமிரவில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய இன்னும் ஐந்தே நாள். அறையிலிருந்த நாற்காலிகளில் எல்லாம் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன.

"போன வருசமே சொன்னேனே சார்."

"எல்லாம் பண்ணியாச்சுங்க. நோட்டீஸ் ஒட்டினேன். ஆளை வரவழைச்சு கிளாஸ் எடுக்க வெச்சேன். கம்ப்யூட்டருக்கு என்னமோ ஒண்ணு வாங்கிப் போட்டேன். அத்தனைக்கும் அப்புறம் அந்தப் பொம்பளை அனுப்பிப்போட்டுதுங்க!"

நஞ்சப்பனுக்குக் கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகப் பட்டறை. முப்பத்துநாலு தொழிலாளர்கள். பிலோமினா வரி ஆலோசகர், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனால் பதினோரு வருடமாக எந்தச் சிக்கல் வந்தாலும் நஞ்சப்பன் படியேறி வருவது இங்கேதான். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

நடந்தது இதுதான்.

திங்கட்கிழமை, பட்டறையின் அலுவலக வேலைகளைப் பார்க்கும் சுலோச்சனாவுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. நஞ்சப்பனின் படம். புது நம்பர். முப்பத்துநாலு பேருடைய பான், ஆதார், பாஸ்புக் நகல்களைக் கேட்டிருந்தது. பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை, லேத் ஓட்டும் மாசிலாமணியின் போனுக்கு ஒரு தகவல் வந்தது. அவர் கேட்காத கடன் ஒன்று அவர் பெயரில் பாஸாகியிருந்தது.

"சைபர் கிரைமுக்குச் சொல்லியாச்சா?" என்றார் பிலோமினா.

"நேத்தே சொல்லியாச்சுங்க."

"பேங்க்குக்கு?"

"ஆச்சு."

"ஆளுங்களுக்கு?"

"இன்னிக்குச் சாயங்காலம். எல்லாரையும் நிக்க வெச்சு, யாரால இப்படி ஆச்சுன்னு சொல்லப்போறேன். அதோட அவளை வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"அவங்க எங்கே?"

"கீழே வண்டிகிட்ட நிக்கறா."

"மேலே வரச் சொல்லுங்க."

"எதுக்குங்க? வந்தா அழுவா."

"எனக்கு நேரமில்லை சார். வரச் சொல்லுங்க."

சுலோச்சனா வந்தாள். அழவில்லை. பிலோமினா ஒரு நாற்காலியிலிருந்த ஃபைல்களைத் தூக்கித் தரையில் வைத்தார்.

"உட்காருங்க. உங்க போனைத் திறந்து குடுங்க."

வாங்கிக் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டே போனார். பிறகு நஞ்சப்பனைப் பார்த்தார்.

"மூணு மெசேஜ் படிக்கறேன். எது திருடன் அனுப்பினதுன்னு சொல்லுங்க."

"நான் என்னங்க பள்ளிக்கூடத்துப் பையனா?"

"படிக்கறேன். 'ஜிஎஸ்டி பாஸ்வேர்டு உடனே அனுப்பு. எதுக்குன்னு கேக்காதே.'"

"இதேதான்!" நஞ்சப்பன் மேசையைத் தட்டினார். "பாஸ்வேர்டு கேட்டாலே திருடன்தானுங்க. கிளாஸ்ல சொன்னாங்க."

"இது நீங்க. மார்ச் பதினாலு."

நஞ்சப்பன் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அடுத்தது. 'மீட்டிங்ல இருக்கேன். போன் பண்ணாதே. கேட்ட பேப்பரை அந்த நம்பருக்கு இப்பவே அனுப்பு. லேட்டாச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.'"

இந்த முறை அவர் யோசித்தார்.

"அவசரப்படுத்துது. மிரட்டுது. போன் பண்ணவும் விடலை. இதுவாத்தான் இருக்கோணும்."

"இதுவும் நீங்க. ஆயுதபூஜைக்கு முந்தின நாள்."

கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார் நஞ்சப்பன். காத்தாடி என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"மூணாவது. 'சுலோச்சனா, இது என்னோட இன்னொரு நம்பர். ரிட்டர்ன் போடறதுக்கு எல்லாரோட பான், ஆதார், பாஸ்புக் காப்பி வேணும். வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன். நன்றிம்மா.'"

நஞ்சப்பன் சிரித்தேவிட்டார்.

"இதைப் போயா நம்பினா? நான் எந்தக் காலத்துலீங்க மேடம் நன்றி சொல்லியிருக்கேன்?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் பாதியில் நின்றது.

பிலோமினா சுலோச்சனாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சுங்க."

"அப்ப அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?"

சுலோச்சனா தரையிலிருந்த ஃபைல்களைப் பார்த்தாள்.

"பதினாலு வருசத்துல முதல் தடவையா நன்றின்னு வந்துச்சுங்க மேடம். கேட்டு, அது அவரில்லைன்னு ஆயிட்டா..."

நிறுத்தினாள்.

"அவராவே இருக்கட்டும்னு நெனச்சேனுங்க."

பிலோமினா போனைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

"இல்லைங்க மேடம், அந்த வழி..." என்று ஆரம்பித்தார் நஞ்சப்பன்.

"வெளியே ஆறு பேர் காத்திருக்காங்க சார்."

அன்று சாயங்காலம் பட்டறை வாசலில் முப்பத்துநாலு பேரும் நின்றார்கள். நஞ்சப்பன் நடந்ததைச் சொன்னார். பேங்க்கில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும், எந்தெந்தப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பதையும் சொன்னார்.

"யாருங்க முதலாளி அனுப்பினது?" என்று கேட்டார் மாசிலாமணி.

"ஆபீஸ்ல இருந்து போயிருச்சு. ஆபீஸ் என்னுது."

மாசிலாமணி தலையில் விழுந்த கடனை ரத்து செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. அதற்காக ஏறி இறங்கியதெல்லாம் நஞ்சப்பன்தான். மற்றவர்கள் தப்பித்தார்கள்.

அக்டோபரில் ஒருநாள் தாராபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தபடி சுலோச்சனாவுக்குச் செய்தி அனுப்பினார். 'போன மாச பில் எல்லாம் மேடத்துக்கு அனுப்பு. உடனே.'

ஒரு நிமிடத்தில் போன் அடித்தது.

"முதலாளி, இது நீங்கதானுங்களா?"

பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்தார். நஞ்சப்பன் கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

"நாந்தான்," என்றார்.

"சரிங்க."

பொழுது சாய்வதற்குள் வேறு வேறு வேலைக்காக இன்னும் மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டாள்.

மூன்று முறையும், பல்லைக் கடித்துக்கொண்டு, எடுத்தார்.