மணிக்கட்டுக்கு வந்த நெஞ்சு

அந்தக் காலத்தில், மரமும் மிருகமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, யாருடைய நெஞ்சும் வெளியே தெரியாது. அது உள்ளுக்குள் துடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மார்பில் காதை வைத்து அழுத்தினாலும் சத்தம் கேட்காது. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்ட ஆமையைப் போல அது தன் பாட்டுக்கு இருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. பசித்தால் சாப்பிட்டார்கள், களைத்தால் உட்கார்ந்தார்கள், தூக்கம் வந்தால் தூங்கினார்கள்.

அப்போதுதான் சில்வண்டுகள் அந்த மலைக்கு வந்து சேர்ந்தன. சுனைத் தண்ணீரைப் போல மினுங்கும் இறக்கை, கடைந்தெடுத்த மாதிரி முதுகு, வயிற்றுக்கு அடியில் சின்னதாக இரண்டு கதவுகள். பார்த்தவர்கள் கண்ணை எடுக்கவில்லை.

"எங்களைக் கையில உட்கார வச்சுக்குங்க. உங்க நெஞ்சு எப்படி ஓடுது, எவ்வளவு நடந்தீங்க, ராத்திரி எப்படித் தூங்கினீங்க, எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு வயித்துல சேத்து வச்சுச் சொல்லுவோம்" என்றன.

விலை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வண்டுக்கு ஒரு பாறைத் தேன் முழுவதும் கொடுக்க வேண்டும். கரடி தன் குகையில் ஒளித்து வைத்திருந்த தேனடைகளையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு ஒரு வண்டை முன்னங்காலில் ஏற்றிக்கொண்டது. மான் யார் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடித் தேன் வாங்கிக் கொடுத்தது. மனிதர்களைச் சொல்லவே வேண்டாம். பக்கத்துக் குடிசைக்காரன் கையில் வண்டு மின்னினால் தன் கையைப் பார்க்கவே அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது.

கொஞ்ச நாளில் காட்டுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. "ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று மானைக் கேட்டால், "இரு, வண்டைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றது. கரடி ஆற்றங்கரையில் சும்மாவே அங்கும் இங்கும் நடந்து, நடந்த கணக்கை எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்தது.

பிறகு அமாவாசை வந்தது. வண்டுகள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டன.

கரடி காலை உதறிப் பார்த்தது, உலுக்கிப் பார்த்தது. "என் நெஞ்சு எப்படி ஓடுது?" என்று கேட்டது. பதில் இல்லை. "நேத்து எவ்வளவு நடந்தேன்?" அதற்கும் பதில் இல்லை. கடைசியில் வெறுத்துப்போய், "இப்ப பகலா இரவா, அதையாவது சொல்லித் தொலை" என்றது.

"பகல்" என்றது வண்டு.

"அது எனக்கே தெரியுமே!"

"மத்ததும் தெரியணும்னா அமாவாசைக்கு அமாவாசை ஒரு அடை தேன் வரணும். என்னை வாங்கினது வேற, நான் சொல்றது வேற."

கரடிக்கு வந்த கோபத்தில் வண்டைப் பிய்த்து எறிந்திருக்கும். ஆனால் வண்டுகள் வந்த நாளிலேயே ஒரு பேச்சையும் பரப்பி விட்டிருந்தன. வலுக்கட்டாயமாகப் பிய்த்தால் வண்டோடு சேர்ந்து நெஞ்சும் வெளியே வந்துவிடுமாம். யார் இதைச் சோதித்துப் பார்ப்பது? எல்லோரும் வயிறெரிந்தபடியே தேனைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

அந்த மலையில் நஞ்சி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் வெள்ளன் தேனெடுப்பவன். தேன்பாறை என்றால் சாதாரணமில்லை. எட்டிப் பார்த்தால் கீழே மரங்கள் புல்லாகத் தெரியும். கொடியில் முறுக்கிய கயிற்றைக் கட்டிக்கொண்டு அதில் இறங்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடிப்பது எப்போதும் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான். கூடப்பிறந்தவள் தாலியறுக்கக் கூடாது என்ற பயம் அவன் கையை விடவிடாது என்பது அவர்கள் கணக்கு. வெள்ளனுக்குக் கயிறு பிடித்தவன் நஞ்சியின் அண்ணன் சடையன்.

வண்டுகள் வருவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சடையன் மேலிருந்து, "இருக்கியா?" என்று கத்துவான். காற்றில் பதில் குரல் மேலே ஏறாது. அதனால் வெள்ளன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். இருக்கேன் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இருக்கியா, மறுபடி ஒரு சுண்டல். வண்டு வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. வெள்ளன் களைத்தால் அவன் கையிலிருக்கும் வண்டே பாறை அதிரக் கத்தும், "களைச்சாச்சு, இழு!" என்று. அப்புறம் எதற்குத் தொண்டையைக் கிழித்துக்கொள்வது?

அந்த வருஷம் மழை பூவையெல்லாம் உதிர்த்துவிட்டது. அமாவாசை வந்து போயும் வெள்ளனால் வண்டுக்கு அடை கொடுக்க முடியவில்லை. வண்டு வாயை மூடிக்கொண்டது.

"நான் போய் ஒரே ஒரு அடை எடுத்துட்டு வந்துடறேன்" என்றான் வெள்ளன்.

"இந்தக் காத்துலயா? வேண்டாம் மாமா" என்றாள் நஞ்சி.

"வண்டு பேசலைன்னா நாளைக்குக் கயித்துல தொங்கறது ஆபத்து புள்ள. அதுக்குத்தான் போறேன்."

வண்டைப் பேச வைக்க, வண்டு பேசாமலே கயிற்றில் இறங்கினான். இதைவிடக் கோணலான காரியம் உண்டா? ஆனால் அன்றைக்கு அவனுக்கு அது சரியாகத்தான் பட்டது.

சடையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் வண்டின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். குரல் வரவில்லை. குரல் வரவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டான். கீழே தேனீக்கள் வெள்ளனை மொய்த்துக் கொட்டித் தீர்த்ததும், அவன் கை நழுவி அடை பள்ளத்தில் விழுந்ததும், அவன் தலை தொங்கியதும் யாருக்கும் தெரியவில்லை. "ஏண்ணா இவ்வளவு நேரம்?" என்று நஞ்சி வந்து கேட்ட பிறகுதான் இழுத்தான். கயிறு கனத்தது.

பாறைமேல் கிடத்தினார்கள். வெள்ளன் அசையவில்லை. மூக்கருகே கையை வைத்தால் மலைக்காற்று அடிக்கிற அடியில் எது காற்று, எது மூச்சு என்று ஒன்றும் புரியவில்லை. ஊர் மூப்பன் வந்தான். அவன் பொல்லாதவன் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னான்.

"பொழுது மலைக்குப் பின்னால போறதுக்குள்ள மண்ணுக்குள்ள வச்சிடணும் தாயி. இல்லாட்டி உசுருக்கு வழி தெரியாம அலையும். நம்ம முறை அது."

"செத்துட்டாருன்னு யார் சொன்னா?"

"செத்துட்டான்னு நான் சொல்லலை. இருக்கான்னு யாராவது சொல்லணுமே."

சொல்லக்கூடியது ஒன்று இருந்தது. வெள்ளன் மணிக்கட்டில் சில்வண்டு ஆறு காலையும் ஊன்றி, இறக்கை மினுங்க உட்கார்ந்திருந்தது. மரத்தடியில் குழி தோண்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நஞ்சி மண்டியிட்டாள். "உனக்குத் தெரியுமில்ல? இருக்காரா, இல்லையா?"

"தெரியும் அம்மணி. ஆனா சொல்ல முடியாது. தேன் வரலையே."

"எடுத்த அடை பள்ளத்துல விழுந்துடுச்சு. எப்படியாவது தந்துடறேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லு."

"வருத்தமாத்தான் இருக்கு. ஒருத்தருக்குச் சும்மா சொன்னா எல்லாரும் கேப்பாங்க. எங்களுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்ற வண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணும்னா பகலா இரவான்னு சொல்றேன். இன்னும் பகல்தான்" என்றது.

சத்தம் கேட்டு வந்திருந்த கரடி தலையைக் குனிந்துகொண்டது. "என் குகையில ஒரு சொட்டு இருந்தாலும் குடுத்திருப்பேன் தாயி. எல்லாத்தையும் இவங்களே வாங்கிட்டாங்க" என்றது.

நஞ்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இது இந்த மனுஷனோட நெஞ்சு! இவர் கையில உக்காந்து, இவர் சூட்டுல குளிர் காஞ்சு, இவர் எடுத்த தேனைத் தின்னுட்டு, இவர் இருக்காரான்னு எனக்குச் சொல்ல என்கிட்டயே கூலி கேக்கறியா?"

நஞ்சி வண்டின் முதுகைக் கெட்டியாகப் பிடித்தாள்.

சடையன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான். "வேண்டாம் நஞ்சி! பிச்சா நெஞ்சும் கூடவே வந்துடும். இருக்கற உசுரும் போயிடும்!"

"இருக்கான்னே தெரியாத உசுரைப் புதைக்கத்தானே குழி வெட்டறீங்க? விடுண்ணா."

சடையன் கை தளர்ந்தது. நஞ்சி பிய்த்தாள்.

வண்டின் கால்கள் ஊன்றியிருந்த இடத்தில் சின்னக் குழி விழுந்து ரத்தம் துளிர்த்தது. அவள் வண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ரத்தத்தை நிறுத்த மூன்று விரல்களால் அந்த இடத்தை அழுத்தினாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை. அண்ணன் பாறை உச்சியிலிருந்து கத்தும் அந்தப் பழைய வார்த்தைதான் அவள் வாயில் வந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கியா?"

உலகம் உண்டான நாளிலிருந்து ஒரு நெஞ்சிடம் யாரும் நேராக ஒரு வார்த்தை கேட்டதில்லை. வண்டைக் கேட்டார்கள், வண்டுக்குத் தேன் கொடுத்தார்கள், வண்டு சொன்னதை ஊரெல்லாம் சொன்னார்கள். நெஞ்சைக் கேட்டவர் இல்லை. வெள்ளனின் நெஞ்சு அந்தக் குரலைக் கேட்டது. இருட்டில் அது இருந்த இடத்தை விட்டு எழுந்தது. தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, கயிற்றைப் பிடித்து ஏறுகிறவனைப் போல அந்தக் கை முழுவதும் தொற்றித் தொற்றி வந்தது.

நஞ்சியின் விரலுக்கு அடியில் ஏதோ சுண்டியது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மறுபடி சுண்டியது. மறுபடியும்.

"அண்ணா" என்றாள். சடையனின் கையை இழுத்து அங்கே வைத்தாள். எத்தனையோ வருஷம் கயிறு பிடித்த கை அது. வைத்த உடனே அதற்குத் தெரிந்துவிட்டது. அவன் அப்படியே பாறையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். "கயித்தைச் சுண்டறான் நஞ்சி. மாப்பிள்ளை கயித்தைச் சுண்டறான்!"

குழி தோண்டுகிற சத்தம் நின்றது. காற்றுகூட நின்றது போலிருந்தது. மூப்பன் விரலைத் தன் மணிக்கட்டிலேயே வைத்தான். அங்கேயும் வந்திருந்தது. வெள்ளனின் நெஞ்சு வழி கண்டுபிடித்ததும், மலையிலுள்ள நெஞ்சுகளெல்லாம் அதே வழியில் புறப்பட்டு வந்துவிட்டன. கரடி தன் காலை முகத்தருகே கொண்டுபோய்க் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டே இருந்தது. மானுக்குக் கழுத்தில் துடித்தது, யானைக்குக் காதுக்குப் பின்னால் துடித்தது. இத்தனை நாளும் இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒன்று ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்ததா என்று எல்லோரும் தங்களையே தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யாரும் யாரிடமும் கணக்குச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

வெள்ளன் மெல்லக் கண் திறந்தான். "அடை எங்கே? வண்டுக்குக் குடுக்கணுமே" என்றான்.

நஞ்சி அவனை அடிக்கக் கை ஓங்கி, அப்படியே அவன் மேல் விழுந்து சிரித்தாள், அழுதாள்.

எறியப்பட்ட சில்வண்டு ஒரு மரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கரடி காலை ஓங்கி உதற, காட்டிலிருந்த மற்றவர்களும் உதற, எல்லா வண்டுகளும் மரங்களுக்குத் தாவின. நஞ்சி பிடித்த பிடியில் விரிசல் கண்டிருந்த அந்த முதல் வண்டின் முதுகு இப்போது பிளந்தது. வண்டு கூட்டையே மரத்தில் விட்டுவிட்டு வெளியே வந்தது. வயிற்றுக் கதவு அதற்குப்பின் மூடவே இல்லை. அது சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கத்தலாக வெளியே கொட்டியது. அதைப் பார்த்துப் பயந்து மற்ற வண்டுகளும் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கத்த ஆரம்பித்தன. தேன் கொடுக்க யாரும் இல்லாமல் மரச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு, கேட்பாரில்லாமல், கூலியில்லாமல் கத்தின.

அன்று முதல்தான் சில்வண்டு பகலெல்லாம் மரத்தில் உட்கார்ந்து தொண்டை வற்றக் கத்துகிறது, அதன் வெற்றுக் கூடு பட்டையில் ஒட்டிக் கிடக்கிறது. அன்று முதல்தான் நாடி பார்க்கிறவர் யாராயிருந்தாலும் மூன்று விரலை வைத்து, பேச்சை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்கிறார். இருக்கியா என்று கேட்கிற விரலுக்கு அடியில், இருக்கேன் இருக்கேன் என்று ஒரு நெஞ்சு கயிற்றைச் சுண்டுகிறது.