பேச்சியம்மாள் கேட்ட கேள்வி

பெரிய ஆட்களின் மண்டையைத் திறந்து மூளைக்கட்டி எடுத்துப் பேர் வாங்கியவர் சங்கரபாண்டி. தலை நரைத்த பிறகு, குழந்தைகளுக்கும் செய்யப் பழகவேண்டும் என்று டாக்டர் சலோமியிடம் வந்து சேர்ந்தார். சலோமி அவரைவிட வயதில் இளையவர்.

கைக்குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு டம்ளர்தான். அதனால் ரத்தம் ஒற்றியெடுத்த துணியை எல்லாம் எடைபோட்டு, எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது சலோமியின் அறுவை அறையில் வழக்கம். ஒருநாள் ஒரு கைக்குழந்தையின் கட்டியை எடுக்கும்போது சங்கரபாண்டியின் கை, பழைய பழக்கத்தில் நாலைந்து துணியை எடைபோடாமல் வாளியில் எறிந்துவிட்டது. இத்துனூண்டு கசிவுதானே என்று இருந்துவிட்டார். கட்டி முழுசாக வந்தது. ரத்தம் குறைந்து பிள்ளை போய்விட்டது.

மறுநாள் காலை, அடுத்து அறுவைக்குப் போகவேண்டிய குழந்தையை மடியில் வைத்திருந்த பேச்சியம்மாள் அவரை மறித்தாள்.

“அய்யா, நீங்க எங்க படிச்சீங்க? இதுல நல்ல பழக்கம் உண்டா?”

சென்னையில் படித்தது, சீமையில் பயிற்சி எடுத்தது, தங்கப் பதக்கம், எல்லாம் சொன்னார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. நேரே சலோமியிடம் போனார்.

“மேடம், நேத்து நடந்ததை அந்தம்மாகிட்ட மறைச்சுட்டேன். சொன்னா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிரும். போனா அது பிழைக்காது. சொல்லலேன்னா நான் மனுசனே இல்லை. என்ன செய்ய?”

சலோமி குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்தார். “வாங்க.”

பேச்சியம்மாள் முன்னால் போய் நின்றார்.

“பேச்சி, நேத்து இவர் கையில ஒரு பிள்ளை செத்துப்போச்சு. இவர் பண்ணின தப்பு. பக்கத்துல நின்ன நானும் கவனிக்கலை.”

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். “சாகடிச்சவர்கிட்டயா குடுக்கச் சொல்லுதீங்க? நீங்க செய்யுங்கம்மா.”

“என் கையிலயும் போயிருக்கு.”

“போகாத கை எது? அதைச் சொல்லுங்க.”

“பிள்ளைகளுக்குச் செய்யுறவங்கள்ல அப்படி ஒரு கை கிடையாது தாயி.”

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு சங்கரபாண்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தப் பிள்ளைக்குப் பேரு என்னய்யா? அதைச் சொல்லிட்டு என் பிள்ளையை வாங்கிக்கிடுங்க.”

கட்டி எந்தப் பக்கம், எவ்வளவு பெரிசு, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. சலோமியைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீங்க,” என்றார் சலோமி. “செத்துப்போன அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போங்க. நடந்ததைச் சொல்லி, பேரைக் கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் கத்தியைத் தொடலாம்.”